ஊரில் வயல், கொழும்பில் நாங்கள்: விவசாய ட்ரோன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்துகொண்டு கிளிநொச்சியில் ஐந்து ஏக்கர், மன்னாரில் எட்டு ஏக்கர், மட்டக்களப்புப் படுவான்கரையில் தகப்பன் வழி வந்த ஒரு துண்டு என்று வயல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் குத்தகைக்குக் கொடுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் தம்பியோ மைத்துனரோ பார்த்துக்கொள்வார். இப்போது ஊரிலிருந்து வரும் அழைப்புகளில் புதுப் பேச்சு ஒன்று சேர்ந்திருக்கிறது: "மருந்தடிக்க ஆள் கிடைக்கிறதில்லை, ட்ரோன்காரரைக் கூப்பிடட்டா?" காசு அனுப்பப்போகிறவர் கொழும்பில் இருப்பவர் என்பதால் அவரும் நாலு பேரிடம் விசாரிக்கிறார். அப்படி விசாரிக்கப்படும் கேள்விகளும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் இவை. நெல்லைப் பற்றித்தான் அதிகம். தென்னையும் சோளமும் தேயிலையும் இடையிடையே வரும்.

கலியாண வீட்டில் படம் எடுக்கிற ட்ரோனும் இதுவும் ஒன்றா?

பறக்கும் முறை ஒன்றுதான், பருமன் வேறு. கலியாண வீட்டில் பறப்பது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைந்த சாமான். மருந்தடிப்பது அப்படியல்ல. டிஜேஐ நிறுவனத்தின் அக்ராஸ் டி40 என்ற மொடலை எடுத்துக்கொண்டால், தாங்கி 40 லீற்றர், மருந்து நிறைத்துக் கிளம்பும்போது மொத்த எடை கிட்டத்தட்ட 90 கிலோ. வளர்ந்த ஓர் ஆளைவிடப் பாரமான ஒன்று, சுழலும் விசிறிகளோடு தலைக்கு மேல் போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வரம்பில் நின்று பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக்கூடாது என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

இந்த வேலை புதிதும் அல்ல. ஜப்பானில் யமஹா நிறுவனம் 1987 இலேயே ஆளில்லாத சிறு ஹெலிகொப்டரை வயலுக்கு மேல் மருந்தடிக்கக் கொண்டுவந்துவிட்டது. டிஜேஐ தன் முதல் விவசாய ட்ரோனை 2015 இல் அறிமுகப்படுத்தியது. அதற்குப் பிறகுதான் விலை இறங்கி ஆசிய நாடுகளின் வயல்களுக்குப் பரவியது.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. அது மருந்தும் அடிக்காது, கலியாணமும் எடுக்காது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியிலும் பயிரைப் படமெடுக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உண்மையிலேயே வேலை குறைகிறதா, இல்லை பகட்டா?

குறைகிறது. அதில் சந்தேகம் இல்லை. முதுகில் கொளுவும் மிசினில் 16 லீற்றர் நிறைத்து, முழங்கால் சேற்றில் ஓர் ஆள் ஏக்கர் முழுவதும் நடப்பது லேசுப்பட்ட வேலை அல்ல. தண்ணீர் அள்ளி, கலந்து, நடந்து, திரும்பி வந்து என்று அரை நாள் போய்விடும். ட்ரோனுக்கு ஒரு ஏக்கர் பறக்கப் பத்து நிமிடம்கூட வேண்டாம். பற்றரி மாற்றுவது, மருந்து நிறைப்பது, துண்டு துண்டான வயல்களுக்கு இடையில் இடம் மாறுவது எல்லாம் சேர்ந்தால் நேரம் கூடும். அப்படியிருந்தும் ஒரு காலைப்பொழுதில் ஒரு வாய்க்கால் பக்கத்தை முடித்துவிடலாம்.

என்னைக் கேட்டால், நேரத்தைவிடப் பெரிய லாபம் வேறு. மிசினைக் கொளுவிக்கொண்டு போகிறவர், தான் அடித்த மருந்துக்குள்ளேயே நடக்கிறார். கால் நனைகிறது, சட்டை நனைகிறது, காற்றுத் திரும்பினால் முகத்திலும் படுகிறது. முகமூடியும் கையுறையும் போடச் சொன்னால் நம் வெயிலில் அரை மணித்தியாலம்கூடத் தாங்காது என்பார்கள், அதுவும் உண்மை. ட்ரோன் வந்தால் அந்த ஆள் வயலுக்குள் இறங்கத் தேவையில்லை. ஊரில் மருந்தடித்து நோயாளியான ஒருவரையாவது தெரியாத குடும்பம் குறைவு. அதனால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ட்ரோன் பக்கம்.

மருந்து மிச்சமாகும் என்கிறார்களே?

மிச்சமாவது தண்ணீர். மருந்து அல்ல. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் குழம்புகிறார்கள், ஆகவே கணக்கோடு பார்ப்போம்.

லேபிளில் ஏக்கருக்கு 100 மில்லிலீற்றர் என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். முதுகு மிசினில் ஏக்கருக்குப் பத்துத் தாங்கி அடித்தால் 160 லீற்றர் தண்ணீர். லீற்றருக்கு 0.6 மில்லிலீற்றர் சொச்சம் மருந்து. அதே ஏக்கருக்கு ட்ரோனில் 12 லீற்றர் தண்ணீர் என்றால், லீற்றருக்கு எட்டுக்கு மேல். பதின்மூன்று மடங்கு செறிவு. ஏக்கருக்குரிய அளவு மாறவில்லை, கரைசல் மட்டும் கடுமையாகிவிட்டது.

இதிலிருந்து மூன்று விஷயம் வருகிறது. முதலாவது, வயலுக்குள் நடப்பவருக்கு இருந்த ஆபத்து கரையில் நின்று கலக்கும் பையனிடம் போய்விடுகிறது. அவன் கையாள்வது பல மடங்கு கடுமையான கரைசல். கையுறை, கண்ணுக்கு மறைப்பு, நீளக்கை உடுப்பு எல்லாம் அவனுக்குக் கட்டாயம். இரண்டாவது, தூளாக வரும் மருந்துகள் இவ்வளவு குறைந்த தண்ணீரில் அடியில் படிந்து துவாரத்தை அடைக்கும். திரவமாக வருபவை நல்லது. மூன்றாவது, நம் ஆட்களுக்கு இருக்கும் பழக்கம்: பூச்சிக்கு ஒன்று, பங்கசுக்கு ஒன்று, பயிருக்குத் தென்பு ஒன்று என்று எல்லாவற்றையும் ஒரே தாங்கியில் ஊற்றுவது. 160 லீற்றரில் எப்படியோ கரைந்து போனது 12 லீற்றரில் திரைந்து நிற்கும். சந்தேகம் என்றால் அதே விகிதத்தில் ஒரு கண்ணாடிப் போத்தலில் சிறிது கலந்து அரை மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். திரைந்தால், அடியில் படிந்தால், தாங்கியில் ஊற்ற வேண்டாம்.

"ட்ரோன் என்றால் பாதி மருந்து போதும்" என்று யாராவது சொன்னால் அவர் விற்க வந்தவர். குறைந்த அளவு அடித்தால் பூச்சி பாதி சாகும், மிஞ்சியது அந்த மருந்துக்குப் பழகும்.

எல்லாப் பூச்சிக்கும் சரிவருமா?

இல்லை. பூச்சி பயிரில் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மடிச்சுக்கட்டி என்ற இலைசுருட்டிப் புழு இலையில் இருக்கிறது, மேலிருந்து வரும் துளி அதற்குப் போய்ச் சேரும். சோளத்துக்கு 2018 இல் வந்த படைப்புழு குருத்துக்குள் இருக்கிறது. மேலிருந்து விழும் துளி குருத்துக்குள் இறங்கும் என்பதாலும், ஆளுயரம் வளர்ந்த சோளத்துக்குள் மிசினோடு நுழைய முடியாது என்பதாலும் அங்கே ட்ரோன் நல்ல துணை.

அறக்கொட்டியான் கதை வேறு. அந்தத் தத்தி நெல்லின் அடித்தண்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சுகிறது. பயிர் அடர்ந்து மூடிய பிறகு மேலிருந்து 12 லீற்றர் தெளித்தால் பெரும்பகுதி மேல் இலையிலேயே தங்கிவிடும். அடியில் இருக்கும் தத்தி அப்படியே இருக்கும். மேலே நடமாடி அதைத் தின்னும் சிலந்தியும் நன்மை செய்யும் பூச்சிகளும்தான் சாகும். இரண்டு கிழமையில் தத்தி முன்னையதைவிடக் கூடிவரும். வட்ட வட்டமாக வயல் கருகுவதைப் பார்த்த பிறகு "ட்ரோன் மருந்து வேலை செய்யவில்லை" என்பார்கள். மருந்து வேலை செய்யும் இடத்துக்கே போகவில்லை என்பதுதான் விஷயம். அறக்கொட்டியானுக்குத் தண்ணீரை வடிப்பது, யூரியாவை மட்டுப்படுத்துவது, பயிரை விலக்கி அடியில் அடிப்பது என்ற பழைய வழிகள்தான் இன்னும் முதலிடம்.

தென்னையில் வெள்ளை ஈயும் அப்படித்தான். ஓலையின் கீழ்ப்பக்கம் ஒட்டியிருக்கிறது. மேலே பறந்து அடித்தால் ஓலை குளிக்கும், ஈ குளிக்காது. கீழிருந்து அழுத்தமாகத் தண்ணீர் பாய்ச்சும் பம்புதான் அதற்குப் பொருத்தம்.

களைநாசினி அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் எனக்குப் பயம் இதில்தான். ட்ரோன் விடும் துளி மிகச் சிறியது, விசிறியின் காற்றும் சேர்ந்துகொள்கிறது. காற்று கொஞ்சம் பலமாக இருந்தாலே துளி பக்கத்து வயலுக்குப் போய்விடும். எம்சிபிஏ போன்ற அகன்ற இலைக் களைக்கான மருந்து நெல்லுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் வரம்புக்கு அப்பால் இருக்கும் மிளகாய், பயறு, கத்தரி, வாழை எல்லாவற்றையும் முறுக்கி எடுத்துவிடும். பூச்சிநாசினி தவறிப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் முணுமுணுப்பார். களைநாசினி தவறிப் போனால் பொலிஸுக்குப் போவார்.

சுற்றிலும் நெல்வயல் மட்டும் என்றால் சரி. தோட்டக்காணி பக்கத்தில் இருந்தால் அந்த ஓரத்தில் பத்து இருபது மீற்றரை விட்டுவிட்டு, மிச்சத்தைக் கை மிசினால் முடிக்கச் சொல்லுங்கள். பெரிய துளி விடும் அமைப்பும், தாழப் பறப்பதும் உதவும். நெல்லுக்கு மேல் இரண்டு, மூன்று மீற்றர் உயரம்தான் வழக்கம்.

எந்த நேரம் நல்லது?

விடிந்ததிலிருந்து எட்டரை, ஒன்பது வரை. பின்னேரம் நாலுக்குப் பிறகு. உச்சி வெயிலில் சிறு துளி பயிரைத் தொடுமுன் ஆவியாகிவிடும். நெல் பூத்திருக்கும் நாட்களில் காலை ஒன்பதிலிருந்து மதியம் வரை பூ திறந்திருக்கும், அந்த நேரம் வேண்டவே வேண்டாம். மழை வரும்போல் இருந்தால் அன்றைக்கு விடுங்கள், ட்ரோன்காரர் "வந்தது வந்தாச்சு, அடிச்சிட்டுப் போறன்" என்றாலும்.

விதைக்க முடியுமா?

முடியும். தாங்கியைக் கழற்றி விசிறும் பெட்டியைப் பூட்டினால் விதைநெல்லும் குறுணிப் பசளையும் தூவலாம். ஏக்கருக்கு இரண்டு புசல், அதாவது ஏறக்குறைய 40 கிலோ, என்ற வழக்கமான அளவை நிமிடக் கணக்கில் முடித்துவிடும்.

கவனிக்க வேண்டியது முளை. ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு நாள் மூடிவைத்து முளைகட்டுவது நம் வழக்கம். கையால் எறிகிறவருக்கு முளை கொஞ்சம் நீண்டாலும் பரவாயில்லை. ட்ரோன் பெட்டிக்குள் அது ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகிவிடும், சுழன்று விசிறும் தட்டில் அடிபட்டு முறியும். முளை வெள்ளையாகத் தலைகாட்டியவுடன் ஈரம் உலர்த்தி எடுக்க வேண்டும். வயலில் தண்ணீரும் நிற்கக்கூடாது. விசிறிக் காற்று தண்ணீரை அலைத்து விதையை ஒரு மூலைக்கு ஒதுக்கும். மட்டம் சரியில்லாத வயலில் ட்ரோனால் விதைத்தாலும் கையால் விதைத்தாலும் முளைப்பு திட்டுத்திட்டாகத்தான் வரும்.

பசளையும் அப்படித் தூவலாம்தானே?

தூவலாம். யூரியா நம் ஈரக் காற்றில் சீக்கிரம் கசிந்து கட்டியாகும் என்பதால் பெட்டியில் அதிக நேரம் வைக்கக்கூடாது, முடிந்ததும் நன்றாகக் கழுவ வேண்டும்.

திரவப் பசளையைப் பற்றியும் கேட்பார்கள், ஏனென்றால் 2021 யாருக்கும் மறக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. இடையில் ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் வந்தது. இலையில் தெளிப்பது என்பதால் ட்ரோனோடு சேர்த்துப் பேசப்பட்டது. அரை லீற்றர் போத்தலில் நைதரசன் 4 வீதம் என்றால் 20 கிராம். 45 கிலோ யூரியா மூடையில் 46 வீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். போத்தல் மூடைக்கு ஈடு என்று சொல்வதை இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கேளுங்கள். இலை மூலம் கொடுப்பது கூடுதல் உதவியாக இருக்கலாம், மண்ணுக்குப் போடுவதற்குப் பதிலாக அல்ல.

ஒன்று வாங்கிவிட்டால் என்ன?

ஐந்து, பத்து ஏக்கருக்கு வாங்க வேண்டாம். இதில் நான் இரண்டு மனதாக இல்லை.

கணக்கைப் பாருங்கள். பெரும்போகம், சிறுபோகம் இரண்டிலும் சேர்த்து ஏழெட்டுத் தடவை அடிப்பீர்கள் என்று வைத்தாலும், ஐந்து ஏக்கருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு மணித்தியாலம்தான். மிச்ச ஆண்டு முழுவதும் பல இலட்சம் பெறுமதியான சாமான் கொட்டிலில் கிடக்கும். சும்மா கிடந்தால் கெடாத சாமானும் அல்ல இது. பற்றரியைச் சரியான அளவு மின்னேற்றி வைக்காவிட்டால் ஊதிவிடும். மருந்து பட்ட பம்பும் குழாயும் கழுவாமல் விட்டால் அடைத்துவிடும். நிறைத் தாங்கியோடு ஒரு பற்றரி பத்து நிமிடம்கூட நிற்காது என்பதால் மூன்று நாலு பற்றரி, வேகமாக மின்னேற்றும் கருவி, அதை இழுக்கும் ஜெனரேட்டர், எல்லாவற்றையும் ஏற்ற ஒரு லேண்ட்மாஸ்டரோ பட்டா லொறியோ என்று பட்டியல் நீளும். போகம் உச்சத்தில் இருக்கும் இரண்டு கிழமைக்குள் ஒரு விசிறி உடைந்தால், உதிரிப்பாகம் வரும்வரை எல்லாம் நிற்கும்.

தொழிலாகச் செய்யப்போகிற ஓர் இளைஞர் ஊரில் இருந்து, அவருக்கு முதல் போட நினைத்தால் அது வேறு கதை. அப்போதும் சாமானுக்குப் போடும் காசில் ஒரு பங்கையாவது பயிற்சிக்கும் காப்புறுதிக்கும் ஒதுக்குங்கள்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது, கமக்காரர் அமைப்பாகச் சேர்ந்து கூலிக்குப் பிடியுங்கள். போகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியை முடிவு செய்கிறார்கள் அல்லவா, அதே கூட்டத்தில் ஒரு வாய்க்கால் பக்கத்து ஐம்பது ஏக்கரும் ஒரே கிழமையில், ஒரே இன நெல் விதைப்பது என்று பேசிக்கொண்டால் ட்ரோன்காரருக்கும் வசதி, கூலியும் இறங்கும். களைநாசினி யார் வயலுக்குப் போகும் என்ற சண்டையும் பாதி குறையும். இரணைமடுக் குளத்தின் கீழும் கட்டுக்கரைக் குளத்தின் கீழும் வயல்கள் அடுத்தடுத்து இருப்பதால் இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. தனித்தனியாக ஐந்து ஏக்கர்காரர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாள் கூப்பிடுவதில்தான் காசு வீணாகிறது.

கனடாவிலிருந்து வரும் மச்சானிடம் ஒன்று கொண்டுவரச் சொல்லலாமா?

சொல்ல வேண்டாம். முன்கூட்டி அனுமதி இல்லாமல் வந்தால் கட்டுநாயக்காவில் சுங்கத்தில் நின்றுவிடும். ட்ரோன் இறக்குமதிக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும், ரேடியோ அலைவரிசை காரணமாகத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் தேவை. மச்சான் விடுமுறையைச் சுங்க வாசலில் கழிக்க வேண்டிவரும்.

பறக்கவிட யாரிடம் அனுமதி?

சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம். தலைமையகம் கட்டுநாயக்காவில். ட்ரோன்களை எடையை வைத்து வகை பிரிக்கிறார்கள். 25 கிலோவுக்கு மேற்பட்டவை கடும் கட்டுப்பாடுள்ள மேல்வகை. பெரிய மருந்து ட்ரோன்கள் நிறைத்த நிலையில் அதற்குள் வந்துவிடும். ட்ரோன் பதிவு, இயக்குபவரின் தகுதி, பறக்கும் இடத்துக்கான அனுமதி என்று ஒவ்வொன்றும் தனி.

2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவது நிறுத்தப்பட்டது. பின்னர் திறந்துவிட்டாலும், வானத்தில் ஒன்று சத்தம் போட்டால் பொலிஸும் படையினரும் விசாரிப்பது வடக்கு கிழக்கில் சாதாரணம். கூலிக்கு வருபவரிடம் கடிதங்களின் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கும் நாளைக் கிராம அலுவலருக்கும் அருகிலுள்ள பொலிஸுக்கும் முதல் நாளே சொல்லிவைத்தால் வேலை நடுவில் நிற்காது.

கூலிக்கு வருபவரிடம் வேறு என்ன கேட்பது?

ஏக்கருக்கு எத்தனை லீற்றர் அடிப்பார் என்று கேளுங்கள். எட்டு லீற்றருக்குக் கீழே சொன்னால் ஏன் என்று கேளுங்கள். குறைந்த தண்ணீர் அவருக்கு வேகம், உங்களுக்கு அரைகுறை. காற்று எவ்வளவு இருந்தால் நிறுத்துவார் என்று கேளுங்கள், பதில் சொல்லத் தடுமாறினால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். முந்தைய வயலில் களைநாசினி அடித்திருந்தால் தாங்கியை எப்படிக் கழுவினார் என்பது முக்கியம், இல்லாவிட்டால் அந்த மிச்சம் உங்கள் பயிருக்கு வரும். கழுவிய தண்ணீரை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றவிடாதீர்கள். யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றியது நேரே நிலத்தடி நீருக்குப் போகும்.

மின்கம்பி, கேபிள், தனியாக நிற்கும் பனை எல்லாவற்றையும் முதலில் நடந்து காட்டுங்கள். தடைகளை உணரும் ரேடார் இருந்தாலும் மெல்லிய கம்பியைத் தவறவிடும்.

எந்த மருந்து என்பதை அவரிடம் விடாதீர்கள். கடைக்காரரிடமும் விடாதீர்கள். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவான மருந்துதானா, லேபிளில் உங்கள் பயிரும் பூச்சியும் இருக்கிறதா என்று பார்த்து, விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம், கொழும்பிலிருந்தே.

கொழும்பில் இருந்தபடி வயலைப் பார்க்க முடியுமா?

முதலில் சொன்ன மூன்றாவது வகை இதற்குத்தான். ஆரோக்கியமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும், அண்மை அகச்சிவப்பை நிறையத் தெறிக்கவிடும். வாடிய இலையில் இந்த வித்தியாசம் குறையும். இரண்டையும் அளந்து வர்ணமாகக் காட்டினால் எந்த மூலை வாடுகிறது என்று கண்ணுக்குத் தெரியுமுன்னரே தெரியும். பத்தரமுல்லையில் தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் இப்படியான ட்ரோன் படங்களை இலங்கை வயல்களில் ஆய்வுக்குப் பயன்படுத்தியிருக்கிறது.

ஆனால் உங்கள் ஐந்து ஏக்கருக்கு இதே வேலையைக் காசில்லாமல் செய்யலாம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செய்மதிகள் ஐந்து நாளுக்கு ஒரு தடவை நம் நாட்டைப் படமெடுக்கின்றன, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு புள்ளி பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர். ஒரு ஏக்கருக்கு நாற்பது புள்ளி வரும், ஒரு மூலை காய்கிறதா என்று தெரிய அது போதும். குறை என்னவென்றால் பெரும்போகத்தில், கார்த்திகை மார்கழி மழையில், முகில் மறைத்துவிடும்.

எந்தப் படமும் இடத்தைச் சொல்லுமே தவிர காரணத்தைச் சொல்லாது. மஞ்சளாகத் தெரியும் மூலையில் நைதரசன் குறைவா, தண்ணீர் இல்லையா, தத்தியா, உவரா என்று பார்க்க ஒருவர் சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு படத்தைப் பார்த்து "அந்த மூலைக்கு மருந்து அடி" என்று தம்பிக்குக் கட்டளை போடுகிறவர்கள் சிலரை எனக்குத் தெரியும். தம்பி பாவம். "அந்த மூலையைப் போய்ப் பார்" என்று சொன்னால் போதும். யூரியா போதுமா என்று பார்ப்பதற்கு விவசாயத் திணைக்களம் அறிமுகப்படுத்திய இலை நிற அட்டையை நெல் இலையோடு ஒட்டிப் பார்க்கும் முறை இன்னும் நம்பகமானது.

காணி எல்லைப் பிரச்சினைக்கு ட்ரோன் படம் உதவுமா?

பேச்சுவார்த்தைக்கு உதவும், வழக்குக்குப் பதிவு பெற்ற நில அளவையாளரின் வரைபடம்தான் வேண்டும். நாரஹேன்பிட்டியிலுள்ள நில அளவைத் திணைக்களத்தில் பழைய படங்களை விசாரிக்கலாம். பக்கத்துக் காணிக்காரருக்குச் சொல்லாமல் மேலே படமெடுத்தால் புதுப் பிரச்சினை ஒன்று கிளம்பும்.

ஹோமாகம, பாதுக்கைப் பக்கத்து வயல்களுக்கு?

சின்னத் துண்டுகள், சுற்றிலும் வீடு, இறப்பர், தென்னை, மின்கம்பி. இரத்மலானை விமான நிலையமும் பாராளுமன்றப் பகுதியும் அருகில் வருவதால் அனுமதியும் இறுக்கம். கால் ஏக்கர், அரை ஏக்கர் வயலுக்கு ட்ரோனை இறக்கி ஏற்றும் நேரத்தில் ஒருவர் மிசினால் அடித்து முடித்துவிடுவார்.

தேயிலைக்கு?

மலைச்சரிவில் பாரம் சுமந்து ஏறி இறங்கும் தொழிலாளிக்கு இது பெரிய நிவாரணமாக முடியும். கொப்புள நோய் இளந்தளிரில் வருவது, மேலிருந்து அடிக்க வசதி. நிலத்தின் ஏற்ற இறக்கத்தை ரேடாரால் அளந்து அதே உயரத்தில் பறக்கும் மொடல்தான் வேண்டும். மலைநாட்டில் மூடுபனியும் திடீர்க் காற்றும் பறக்கும் நேரத்தைச் சுருக்கும். லயன் வீடுகளும் குடிநீர் ஊற்றுகளும் தோட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன, எத்தனை மீற்றர் தள்ளி நிற்பார்கள் என்று தோட்ட நிருவாகத்திடம் எழுத்தில் கேட்கத் தொழிலாளருக்கு உரிமை இருக்க வேண்டும்.

யானை, மயில், குரங்கைக் கலைக்கலாமா?

தேனீச் சத்தம்போல் கேட்பதால் யானை விலகும் என்று ஆபிரிக்காவில் முயன்று பார்த்திருக்கிறார்கள். விலகும்தான், ஆனால் எந்தப் பக்கம்? உங்கள் வயலிலிருந்து இருட்டில் விரட்டிய யானை அடுத்த வீட்டு வளவுக்குள் போனால் ஆள் சாகும். வனஜீவராசிகள் திணைக்களத்தோடு சேராமல் இதைத் தொடக்கூடாது. மயிலும் குரங்கும் முதல் நாள் ஓடும், அப்புறம் பழகிவிடும். 2025 மார்ச் 15 ஆம் திகதி நாடு முழுவதும் ஐந்து நிமிடம் நின்று குரங்கும் மயிலும் எண்ணினோம். எண்ணியதோடு அவை குறைந்துவிடவில்லை, ட்ரோனுக்கும் குறையாது.

இந்தியாவில் மானியம் கொடுக்கிறார்கள், யூடியூப்பில் பார்த்தேன்.

அது 2023 நவம்பரில் அங்கீகரிக்கப்பட்ட 'நமோ ட்ரோன் தீதி' திட்டம். பெண்களின் 15,000 சுயஉதவிக் குழுக்களுக்கு, விலையில் 80 வீதம், உச்சமாக எட்டு இலட்சம் இந்திய ரூபாய் வரை. இந்தியர்களுக்கானது. அந்த வீடியோக்களில் சொல்லும் அனுமதி விதிகளும், மருந்துப் பெயர்களும், ஏக்கர் கணக்கும் அந்த நாட்டுக்குரியவை. தொழில்நுட்பம் பார்க்க நல்லது, மருந்தை மட்டும் அதைப் பார்த்து வாங்காதீர்கள்.

அடித்தது சரியா என்று எப்படித் தெரியும்? காசை எப்போது கொடுப்பது?

பறந்த பாதையும் அடித்த லீற்றரும் ரிமோட்டில் பதிவாகும், அதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விட்ட இடைவெளி கோடு கோடாகத் தெரியும். மருந்து அடிவரை இறங்கியதா என்று பார்க்க, தண்ணீர் பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் தாள் இருக்கிறது. கிடைக்காவிட்டால் சாதாரண வெள்ளைத் தாளும், முதல் சுற்றில் வெறும் தண்ணீரில் கலந்த உணவுச் சாயமும் போதும். பயிரின் உச்சியில் ஒன்று, இடையில் ஒன்று, அடித்தண்டில் ஒன்று என்று வயலின் நடுவிலும் ஓரத்திலும் குத்திவைத்து, ஒரு சுற்றுப் பறந்ததும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உச்சித் தாளில் மட்டும் புள்ளி இருந்தால், மருந்து ஊற்றுமுன் உயரத்தையும் வேகத்தையும் லீற்றரையும் மாற்றிவிட்டுத் தொடரலாம். முற்பணமாக ஒரு பங்கு, தாளையும் பாதைப் படத்தையும் பார்த்த பிறகு மிச்சம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.